ஓரிரு இடங்களில் இடிமழை: டெல்டாவில் மேகத்தைத் தொடர்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

"டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." கோடை பிறந்ததிலிருந்து ஐப்பசி வரை இந்த வரி காதில் விழாத வாரம் இல்லை. போதாததற்கு, மாலை நான்கு மணி வாக்கில் உள்ளூர் வானிலை ஆர்வலர் ஒருவரின் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. ஒரத்தநாட்டுக்கு மேற்கே மேகம் திரள்கிறது, ஏழு மணிக்கு மேல் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் எதிர்பார்க்கலாம் என்று அவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். நீடாமங்கலத்தில் கொட்டித் தீர்க்கிறது. மன்னார்குடியில் புழுதிக் காற்றோடு சரி. மறுநாள் காலை அதே அறிவிப்பை ஓர் ஊர் மெச்சுகிறது, அடுத்த ஊர் ஏசுகிறது.

இரண்டு ஊருமே அறிவிப்பில் இல்லாத ஒன்றை அதில் கேட்டிருக்கின்றன. இடிமழையில் எது காலையிலேயே தெரியும், எது ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும், எது கடைசிவரை தெரியாது என்று பிரித்துக்கொண்டால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

அறிவிப்பின் சொற்களுக்கு அளவு உண்டு

இந்திய வானிலை ஆய்வுத் துறை இடங்களைப் பற்றிச் சொல்லும் சொற்கள் ஒப்புக்குச் சொல்பவை அல்ல. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் எத்தனை விழுக்காட்டில் மழை பதிவாகும் என்பதை அவை குறிக்கின்றன.

1. ஓரிரு இடங்களில்: 25 விழுக்காடு வரை.
2. ஒருசில இடங்களில்: 26 முதல் 50 விழுக்காடு.
3. பல இடங்களில்: 51 முதல் 75 விழுக்காடு.
4. பெரும்பாலான இடங்களில்: 76 விழுக்காடும் அதற்கு மேலும்.

ஆக, 'ஓரிரு' என்று அறிவித்த நாளில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு நிலையங்கள் வறண்டிருக்கும் என்பதுதான் கணிப்பே. உங்கள் ஊர் நனையாமல் போனால் அந்த முக்கால் பங்கில் அது சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மழையின் அளவுக்கும் இதேபோல் வரையறை இருக்கிறது. 24 மணி நேரத்தில் 15.6 மி.மீ. முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை, அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதிகனமழை. எவ்வளவு வேகத்தில் பெய்தது என்பதை இந்த வகைப்பாடு கேட்பதே இல்லை. முக்கால் மணி நேரத்தில் 4 செ.மீ. கொட்டி வரப்பு தெரியாமல் போனாலும் ஏட்டில் அது மிதமான மழைதான். நாள் முழுக்கத் தூறும் மழைக்குச் சரியான இந்த அளவுகோல், கோடை இடிமழைக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

மழை நாள் என்பதும் நள்ளிரவில் மாறுவதில்லை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது, முடிவடையும் தேதியின் கணக்கில் ஏறும். 12ஆம் தேதி மாலை பெய்த மழை 13ஆம் தேதிப் பட்டியலில் வரும். "நேற்று மழையே இல்லை, பட்டியலில் 3 செ.மீ. என்று போட்டிருக்கிறார்களே" என்ற புகார் பெரும்பாலும் இதனால் வருவது.

வெயில் மட்டும் போதாது

இடிமேகம் எழ மூன்றும் ஒருசேர வேண்டும்.

1. தரையை ஒட்டிய காற்றில் நிறைய ஈரம். ஆர்வலர்கள் வெறும் ஈரப்பத விழுக்காட்டை நம்புவதில்லை. பனிப்புள்ளி வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் ஈரம் துளியாக மாறுமோ அது பனிப்புள்ளி. 24 பாகை செல்சியஸைத் தொட்டால் கையிருப்பு தாராளம்.

2. நிலையின்மை. கீழே சூடான ஈரக் காற்று, மேலே குளிர்ந்த காற்று. கீழுள்ள காற்று ஒருமுறை எழும்பிவிட்டால், சுற்றியிருப்பதைவிடச் சூடாகவே இருந்து தானாக மேலேறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்துக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கிலோவுக்கு இத்தனை ஜூல் என்று கணக்கிடுகிறார்கள். 1,000 கவனிக்க வேண்டிய அளவு, 2,500க்கு மேல் பலமான அளவு.

3. முதல் உந்துதல். காற்றைத் தரையிலிருந்து தூக்கிவிட ஏதோ ஒன்று.

முதல் இரண்டும் கோடை, தென்மேற்குப் பருவக் காலங்களில் டெல்டாவில் பல நாட்கள் தயாராகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் தினமும் இடி இடிப்பதில்லை. மூன்றாவதுதான் முடிவு செய்கிறது. நாளிதழ்கள் எல்லாவற்றையும் 'வெப்பச்சலனம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதால், வெயில் கொளுத்தினால் மழை வரும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில், வறண்ட மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) நாளெல்லாம் அடித்து நாகப்பட்டினமே கொதிக்கும் நாட்களில் பெரும்பாலும் ஒரு மேகமும் தலைகாட்டுவதில்லை. மலையுள்ள மாவட்டங்களில் சரிவே காற்றைத் தூக்கிவிடும். தஞ்சாவூரிலிருந்து கடல்வரை அப்படி ஒரு மேடுகூடக் கிடையாது. எனவே இங்கே தூக்கிவிடும் வேலையைச் செய்வது, இரண்டு காற்றுகள் முட்டிக்கொள்ளும் கோடு. டெல்டா ஆர்வலர்கள் தேடுவது மேகத்தை என்பதைவிட அந்தக் கோட்டை என்பதே சரி.

கடற்காற்று எங்கே வந்து நிற்கிறது?

நிலம் சூடேறியதும், முற்பகலிலோ நண்பகலிலோ, வங்கக் கடலிலிருந்து குளிர்ந்த ஈரக் காற்று கரையேறுகிறது. அதன் முன்விளிம்பு கடற்கரைக்கு இணையான ஒரு கோடாக மேற்கே நகரும். எதிரே மேல்காற்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சண்டையில் யார் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்து மழை விழும் இடம் மாறுகிறது. மேல்காற்று பலமாக இருந்தால் கோடு கரையோரத்திலேயே நின்றுவிடும். மழை பெய்தாலும் வேதாரண்யம், நாகை, காரைக்கால் ஒட்டியோ கடலிலோ பெய்யும். மேல்காற்று தளர்ந்தால் கோடு திருவாரூர், மன்னார்குடி என்று உள்ளே வரும். மாலைக்குள் தஞ்சாவூரைத் தாண்டுவதும் உண்டு. கடற்காற்று கடந்துபோன பகுதியில் தரைக்காற்று குளிர்ந்துவிடுவதால், அங்கே புதிதாக மேகம் எழுவது கடினம். கரையோர ஊர்களில் பிற்பகலில் வெயில் தணிந்து இதமாக இருக்கும்போது மழை பெரும்பாலும் உள்நாட்டுக்குப் போய்விட்டது என்று பொருள்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, சேலம், பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களில் பிற்பகலில் பிறந்த மேகங்கள் இடைநிலை உயரத்து மேல்காற்றோடு கிழக்கே நகர்ந்து, இரவில் டெல்டாவுக்கு வருகின்றன. திருச்சியிலிருந்து நாகைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ. மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் நான்கு மணி நேரம். குறுவைக் கதிர் முற்றும் காலத்தில் நள்ளிரவில் தட்டியெழுப்பும் இடி பெரும்பாலும் இப்படி மேற்கிலிருந்து வந்ததுதான்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

ஆர்வலர்களின் கணிப்பு ஒரே நாளில் மூன்று முறை மாறுவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. மாறத்தான் வேண்டும். ஒவ்வொரு நேரத்திலும் கிடைக்கும் தகவல் வேறு.

1. விடியற்காலை: காரைக்காலிலும் சென்னையிலும் காலை 5.30 மணிக் கணக்குக்காகப் பறக்கவிடப்படும் பலூன்கள், உயரே போகப்போக வெப்பநிலை, ஈரம், காற்று எப்படி மாறுகின்றன என்று அனுப்புகின்றன. முன்சொன்ன இரண்டாவது தேவையான நிலையின்மை இதில் தெரிந்துவிடும். ஆனால் காரைக்கால் கடலோரம். அதன் காலைக் காற்று தஞ்சாவூரின் பிற்பகல் காற்று அல்ல. இந்த நேரத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடியது "இன்று டெல்டாவில் எங்காவது இடிக்கும்" என்பது மட்டுமே. ஊர்ப் பெயர் சொல்பவர் ஊகிக்கிறார்.

2. கணினி மாதிரிகள்: வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுபவை. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ.; 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் முன்கணிப்பு அமைப்புக்கு 6 கி.மீ. இடிமேகத்தின் உயிர்நாடியான மேலெழும் காற்றுத்தூண் சில கிலோமீட்டர் அகலமே. ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் மேகத்தை அந்தக் கட்டத்தால் சரியாக வரைய முடியாது. வண்ண வண்ணமாகக் காட்டும் செயலியில் உங்கள் தெருவின்மேல் சிவப்பு விழுந்திருந்தால், அது உங்கள் தெருவைப் பற்றிய தகவல் அல்ல.

3. நண்பகலுக்குப் பின்: இன்சாட் செயற்கைக்கோள் படங்களில் எந்த வரிசையில் மேகம் முளைக்கிறது என்று தெரியும். கூடவே கண்ணும் வேண்டும். பூக்கோசுபோல் விளிம்பு கூர்மையாக இருக்கும் தலை இன்னும் நீர்த்துளிகளால் ஆனது, வளர்ந்துகொண்டிருக்கிறது. விளிம்பு மங்கி, நாராகப் பிரியத் தொடங்கினால் உச்சி பனியாகிவிட்டது. நம் பகுதியில் உறைநிலை சுமார் 5 கி.மீ. உயரத்தில். அதற்கு மேல் பனித்துகளும் மென் ஆலங்கட்டியும் மோதுவதில்தான் மின்னூட்டம் பிரிகிறது. நார் பிரிந்தால் மின்னல் நெருங்கிவிட்டது.

4. மாலை: இனி ரேடார். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஊர்ப் பெயர் சொல்லும் தகுதி இங்கேதான் வருகிறது. வானிலைத் துறையின் உடனடி அறிவிப்பும் மூன்று மணி நேரத்துக்கே கொடுக்கப்படுகிறது.

செயற்கைக்கோள் படத்தில் ஒரு பொறி இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் 12 கி.மீ.க்கு மேலே வலுவான கீழ்க்காற்று, அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று, வீசுகிறது. அதனால் மேகத்தின் உச்சி மேற்கு நோக்கி விரியும். மழை பொழியும் அடிப்பகுதியோ இடைநிலை மேல்காற்றோடு கிழக்கே போகும். வெண்படலம் திருச்சிப் பக்கம் போவதைப் பார்த்து "நமக்கு இல்லை" என்று களத்தில் நெல்லைத் திறந்துபோட்டவர் இரவில் நனைந்த நெல்லைத்தான் அள்ளுவார்.

"காற்றுதான் வந்தது, மழை வரவில்லை"

டெல்டாவில் அதிகம் கேட்கும் குறை இது. இதில்தான் இடிமழையின் இயல்பு முழுக்க அடங்கியிருக்கிறது.

மழை பொழியத் தொடங்கியதும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாதல் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து, சிமெண்டுத் தரையில் கவிழ்த்த குடத்து நீரைப்போல் எல்லாப் பக்கமும் பாய்கிறது. வயலில் நிற்பவருக்கு இது எப்படித் தெரியும்? புழுக்கம் உச்சத்தில் இருக்கும், தென்னங்கீற்று அசையாது. திடீரென்று மேற்கே புழுதி கிளம்பும், காற்றின் திசை திரும்பும், சில நிமிடங்களில் வெப்பநிலை 36 பாகையிலிருந்து 27 பாகைக்கு இறங்கும், மண்வாசனை வரும். வாசனை வந்தது என்றால் காற்று வந்த திசையில் எங்கோ மண் நனைந்துவிட்டது என்பது உறுதி. நம் மண் நனையும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இதன்பின் இரண்டில் ஒன்று நடக்கும். குளிர்க்காற்றின் விளிம்பு மேகத்தோடு ஒட்டியே நகர்ந்தால், அது முன்னால் இருக்கும் சூடான ஈரக் காற்றைத் தூக்கித் தூக்கி மேகத்துக்கு ஊட்டும். மழை நம்மிடம் வரும். விளிம்பு மேகத்தைவிட்டு வெகுதூரம் முன்னால் ஓடிவிட்டால், மேகத்துக்குப் போக வேண்டிய சூடான காற்று துண்டிக்கப்படும். மேகம் நின்ற இடத்திலேயே கரையும். மன்னார்குடிக்குப் புழுதி மட்டும் வந்த கதை இதுதான்.

கதை அங்கேயும் முடிவதில்லை. ஓடிப்போன விளிம்பு எதிரே வரும் கடற்காற்றையோ, இன்னொரு மேகத்தின் குளிர்க்காற்றையோ முட்டினால் அங்கே புது மேகம் முளைக்கும். பழைய மேகம் நகர்ந்து வந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது செத்து, அதன் காற்று பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி வேறொன்றைப் பெற்றிருக்கிறது. மேகத்தின் வேகத்தைக் கணக்கிட்டு நேர்கோடு இழுப்பவர்கள் தோற்பது இங்கேதான். அனுபவமுள்ளவர்கள் சிவப்புத் திட்டைவிட, அதற்கு முன்னால் வில்போல் வளைந்து செல்லும் மெல்லிய கோட்டை ரேடாரில் தேடுவார்கள். பூச்சிகளையும் புழுதியையும் தள்ளிக்கொண்டு போகும் குளிர்க்காற்றின் விளிம்பு அது.

ரேடார் படத்தைத் தவறாகப் படிக்கும் வழிகள்

டெல்டாவின் கண் காரைக்கால் டாப்ளர் ரேடார். படத்தைக் கைப்பேசியில் திறப்பது எளிது; புரிந்துகொள்வதில் பொதுவாக நான்கு பிழைகள் நேர்கின்றன.

1. நேரம்: படத்தில் பெரும்பாலும் உலகப் பொது நேரம் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். 10.30 என்றிருப்பது நமக்கு மாலை 4 மணி. நேரம் வெட்டப்பட்ட பழைய படம் இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் சுற்றி வீண் பதற்றம் கிளப்புவது வழக்கமாகிவிட்டது. நேரமில்லாத ரேடார் படத்தைப் பகிரவே கூடாது என்பேன்.

2. உயரம்: ரேடாரின் அலை அரைப் பாகை சாய்வில் கிளம்பினால், பூமியின் வளைவையும் சேர்த்து, தஞ்சாவூருக்கு மேலே சுமார் 1 கி.மீ. உயரத்திலும் திருச்சிக்கு மேலே சுமார் 2 கி.மீ. உயரத்திலும் போகும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. முன்சொன்ன மெல்லிய கோடு காரைக்காலுக்கு அருகே தெரிந்து, தொலைவில் மறைவது இதனால்தான்.

3. எந்தப் படம்: எல்லோரும் பகிரும் 'மேக்ஸ் இசட்' படம், அந்த இடத்துக்கு மேலே எந்த உயரத்திலாவது உள்ள அதிகபட்ச எதிரொலியைக் காட்டுவது. எட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் துளிகள் தொங்கினாலும் நிறம் விழும். தரையில் மழை இருக்கிறதா என்றறிய, தரைமட்ட மழைவீதத்தைக் கணிக்கும் படத்தைப் பார்க்க வேண்டும்.

4. ஒற்றைப் படம்: ஒரு படத்தால் பயனில்லை. மூன்று நான்கு படங்களை வரிசையாகப் பார்த்தால்தான் மேகம் வளர்கிறதா, தேய்கிறதா, எந்தப் பக்கம் முளைவிடுகிறது என்று தெரியும்.

ரேடாரை முழுமையாக்குவது தரையிலிருந்து வரும் தகவல். மொட்டை மாடியில் மழைமானி வைத்து நாள்தோறும் காலை 8.30க்கு அளந்து எழுதுபவர், ரேடார் படம் பகிரும் பத்துப் பேரைவிட மதிப்புள்ளவர். மானி நேர்ச்சுவர் கொண்டதாக, அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். தென்னங்கீற்றுச் சொட்டு விழுந்தால் அந்தக் கணக்கு குப்பைக்குத்தான். 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஓர் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர்.

ஒரு மணி நேரம் யாருக்கு உதவும்?

நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. குறுவை அறுவடைக் காலத்தில் நேரடிக் கொள்முதல் நிலைய வாசலிலும் சாலையோரத்திலும் குவிந்திருக்கும் நெல்லுக்கு ஒரு மாலை மழை போதும், இரண்டு நாள் காயவைத்தது வீணாகும். ஒரு மணி நேர முன்னறிவிப்பு இருந்தால் குவித்துத் தார்ப்பாய் போர்த்திவிடலாம். வயல் நனைந்துவிட்டால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது; வாடகை கூடுதலான பெல்ட் வண்டி அறுவடைக்கு வர வேண்டும். மேகம் மேற்கே திருச்சியைத் தாண்டும்போதே தெரிந்தவர், வண்டியை எந்த வயலில் முதலில் இறக்குவது என்று முடிவு செய்கிறார். வேதாரண்யம் உப்பளங்களில் கோடை மழை என்றால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து, உற்பத்தி மறுபடி முதலிலிருந்து.

உயிர் சம்பந்தப்பட்டது மின்னல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர். சமதளமான நடவு வயலில், குனிந்து நிமிரும் மனிதரே உயர்ந்த பொருள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டங்களில் மின்னலைக் காட்டுகிறது. செயலி இல்லையென்றால் எண்ணலாம்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் அடுத்த மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். எண்ணிக்கொண்டு நிற்காமல் கரையேறுவது நல்லது. புளியமரத்தடியும் கீற்றுக் கொட்டகையும் புகலிடம் அல்ல. கான்கிரீட் வீடு அல்லது கதவு மூடிய வாகனம் வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வயலில் இறங்க வேண்டும்.

அக்டோபருக்குப் பின் கணக்கு வேறு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மேலே சொன்னதில் பாதி தலைகீழாகிறது. மேகம் மேற்கிலிருந்து வராமல் கடலிலிருந்து வரும். பெருமழை மாலையைவிட நள்ளிரவிலிருந்து விடியல்வரை கரையோரத்தில் விழுவது அதிகம். உள்நாட்டில் மேகம் பிறப்பதைப் பார்த்து நான்கு மணி நேரம் முன்னால் எச்சரிக்கும் வசதி கரையோர ஊர்களுக்கு இனி இல்லை.

2022 நவம்பர் 12 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. பதிவானது. அன்று புயல் இல்லை, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி மட்டுமே. இப்படிப்பட்ட இரவுகளில் ஒரு மேகம் பொழிந்து உள்ளே நகர்ந்ததும், அதே கடற்பாதையில் அடுத்தது வந்து அதே ஊரின்மேல் பொழிகிறது. தனி மேகம் ஒவ்வொன்றும் சாதாரணமாகவே தெரியும். நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஆபத்து புலப்படாது. ஆகவே இந்தப் பருவத்தில் அனுபவமுள்ள ஆர்வலர்கள் முதலில் திறப்பது, விழுந்த மழையைக் கூட்டிக் காட்டும் ரேடார் படத்தை. மழைப்பட்டை வடக்கே, தெற்கே நகர்கிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரமாக நின்றிருந்தால், வடிகால் மதகைத் திறக்கச் சொல்லி அந்த ஊர்க்காரர்களை எழுப்ப நள்ளிரவிலும் தயங்குவதில்லை.